நீர்யானை டாக்டர்

எழுதிக் கொடுத்த மருந்துச் சீட்டைத் திரும்ப வாங்கிப் படித்துப் பார்க்கும் டாக்டரை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். அப்படி ஒருவரிடம் நான் வேலை பார்த்தேன். கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனிலிருந்து சிப்காட்டுக்குப் போகும் சாலையில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் இருந்தது அவருடைய கிளினிக். டோக்கன் கொடுப்பதும் குழந்தைகளை எடை போடுவதும் என் வேலை. பேஷண்ட் சீட்டோடு படியிறங்கிக் கடை வாசலில் நிற்கும் நேரத்தில் மேலேயிருந்து குரல் வரும். "தேவி, அந்தச் சீட்டை ஒரு நிமிஷம் வாங்கிட்டு வா." நான் ஓடுவேன். அவர் குழந்தையின் எடையை இன்னொரு தரம் கேட்பார், உதடு அசைய ஒவ்வொரு எழுத்தாகப் படிப்பார், பிறகு ஒரு புள்ளிகூட மாற்றாமல் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"நெஜமாவே படிச்சவங்கதானா?" என்று பலபேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நானே மனசுக்குள் கேட்டுக்கொண்டதுண்டு.

டாக்டரிடம் ஜனங்கள் போவது 'ஒன்றும் இல்லை' என்ற வார்த்தையைக் கேட்கத்தான். அதே சாலையில் இருந்த இன்னொரு டாக்டர், நாம் நாற்காலியில் உட்காருவதற்குள் அதைச் சொல்லி அனுப்பிவிடுவார். எங்கள் டாக்டரின் வாயிலிருந்து அது வந்ததே இல்லை. "பார்ப்போம்" என்பார். சாதாரண சளிக்கும் பார்ப்போம்தான். மறுநாள் காலையில் ரயிலை விட்டு இறங்கியதும் முதல் கேள்வி, "அந்தச் சளிக் குழந்தை வந்தாளா?" என்றிருக்கும். வரவில்லை என்றால் முகம் சுருங்கிவிடும். சரியாகிப் போயிருக்கும், அதனால்தான் வரவில்லை என்று நான் சொன்னால், "அது உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் கூட்டம் அவரிடம்தான் வந்தது. நமக்காக இன்னொருவர் பயந்துகொண்டிருக்கிறார் என்றால் நாம் வீட்டுக்குப் போய் நிம்மதியாகத் தூங்கலாம் அல்லவா?

நீர்யானை டாக்டர் என்ற பெயர் வந்தது அவருடைய மேசையால். மேசைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு படம் வைத்திருந்தார். வயிறு தள்ளிய நீர்யானை ஒன்று மனுஷியைப் போல இரண்டு காலில் நிற்கும். குழந்தைகளுக்கு வேடிக்கை காட்ட வைத்திருக்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். அது பழைய எகிப்தில் பிரசவத்துக்குக் காவலாக இருந்த சாமியாம். துணிப்பையில் பழுப்புத்தாள் அட்டை போட்ட தடிப் புத்தகம் ஒன்றையும் எப்போதும் சுமந்துகொண்டு வருவார். மூவாயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கும் முன்னால் அந்த ஊர் வைத்தியர்கள் பிள்ளைப்பேற்றைப் பற்றியும் பச்சைக் குழந்தைகளைப் பற்றியும் கோரைப்புல் தாளில் எழுதிவைத்ததெல்லாம் அதில் இருந்தது. மெட்ராஸிலிருந்து யூனிட் ரயிலில் வரும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து அதைத்தான் படிப்பாராம்.

படித்ததை மத்தியானத்தில், கரண்ட் போன நேரத்தில், காத்திருக்கும் பெண்களிடம் சொல்வார். அந்த ஊரில் இரண்டு செங்கல் அடுக்கின்மேல் குந்தி உட்கார்ந்துதான் பிள்ளை பெற்றுக்கொள்வார்கள் என்று ஒரு நாள் சொன்னார். செங்கல் சூளையிலிருந்து வந்திருந்த ஒருத்தி, "அப்ப எங்க ஆளுங்களுக்குக் கவல இல்ல மேடம், கல்லுக்கா பஞ்சம்" என்றாள். எல்லோரும் சிரித்தோம். டாக்டரும் சிரித்தார். உடனே அவளைப் பார்த்து, எத்தனை மாசம், இன்னும் கல் தூக்குகிறாயா என்று கேட்கத் தொடங்கினார். அவருடைய சிரிப்பு இவ்வளவு நேரம்தான் நிற்கும்.

நான் முழுகாமல் இருப்பது தெரிந்த அன்று என் வீட்டுக்காரரும் கூட வந்திருந்தார். இரும்பு உருட்டும் ஆலையில் உலைப் பக்கம் அவருக்கு வேலை. சந்தோஷத்தில் டாக்டர் எங்களுக்கும் ஒரு கதை சொன்னார். அங்கே பெண்கள் வாற்கோதுமையையும் கோதுமையையும் தனித்தனிப் பையில் போட்டுத் தினமும் அதன்மேல் சிறுநீர் விடுவார்களாம். முளைத்தால் கர்ப்பம். ஒன்று முளைத்தால் ஆண், மற்றது முளைத்தால் பெண்.

"எது மேடம் ஆம்பளப் புள்ளைக்கு?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

டாக்டர் சுவரில் இருந்த போர்டைக் காட்டினார். ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படமாட்டாது, அது சட்டப்படி குற்றம் என்று எழுதிய போர்டு. எத்தனை காலத்துப் பழைய தானியமாக இருந்தாலும் சொல்ல மாட்டேன் என்றார். அவர் வேடிக்கை பேசி நான் கேட்டது அந்த ஒரு தரம்தான். அதையும் அவரால் வேடிக்கையாக விட முடியவில்லை. "முளைக்கிற விஷயத்துல ஏதோ கொஞ்சம் உண்மை இருக்குன்னு இப்பவும் சொல்றாங்க. ஆணா பெண்ணாங்கறது வெறும் கட்டுக்கதை. ஆனா ரெண்டையும் ஒரே உறுதியோட எழுதி வெச்சிருக்காங்க பாரு. எது கதை, எது நிஜம்னு எழுதினவருக்கே தெரியலை" என்றார். சொல்லிவிட்டுத் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மகள் அந்த மாடியில்தான் பிறந்தாள். அங்கே இரண்டு கட்டில் போட்ட ஒரு பிரசவ அறை இருந்தது. பிறந்த குழந்தை முதலில் போடும் சத்தத்தை வைத்தே அது பிழைக்குமா பிழைக்காதா என்று அந்த ஊர் வைத்தியர்கள் தீர்ப்பு சொல்வார்களாம். ஒரு விதமான சத்தம் என்றால் பிழைக்கும், இன்னொரு விதம் என்றால் செத்துப்போகும். இதை அவர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். ஒரு பிள்ளைத்தாய்ச்சியிடம் சொல்கிற பேச்சா இது? வலியில் கிடக்கும்போதெல்லாம் எனக்கு அதே நினைப்புத்தான். மகள் வெளியே வந்து, சத்தம் வராத அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் டாக்டரின் முகத்தைப் பார்த்தேன். அதில் ரத்தமே இல்லை. அப்புறம் அவள் அழுதாள். "எந்தச் சத்தமா இருந்தா என்ன, சத்தம் வந்தாப் போதும்மா எனக்கு" என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கு அவரை எனக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

எங்கள் லைன் வீடுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கிளினிக்கின் பின்பக்க ஜன்னலைத் திறந்தால் எங்கள் தெருவின் ஆஸ்பெஸ்டாஸ் கூரைகள் தெரியும். ஒற்றை அறை வீடுகள், எதிரும் புதிருமாக. அநேகமாக எல்லா ஆண்களுக்கும் நைட் ஷிப்ட். காலையில் வந்து, குளித்து, நாஷ்டா சாப்பிட்டுப் படுத்தால் மூன்று மணி வரை தெருவே மூச்சுவிடக் கூடாது. குக்கரில் விசில் வருவதற்கு முன்னால் அடுப்பை அணைத்துவிடுவோம். காய்காரர் எங்கள் தெரு முனை வந்ததும் வாயை மூடிக்கொள்வார். உலைக்கு முன்னால் தூக்கக் கலக்கத்தோடு ஒருவன் நின்றால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். அதனால் இந்தச் சட்டத்தைப் பெண்கள்தான் ஆண்களைவிடக் கண்டிப்பாகக் காப்பாற்றினோம். குழந்தைகள்தான் எந்தச் சட்டத்துக்கும் அடங்காதவர்கள். யார் வீட்டிலாவது பிள்ளை வீறிட்டால் அவள் அதைத் தூக்கிக்கொண்டு வெயிலில் மெயின் ரோட்டுக்கு ஓடுவாள்.

அப்படி ஓடிவந்த ஒருத்திதான் ஒரு மழை நாளில் கிளினிக்கில் உட்கார்ந்து, பிள்ளை தூங்குவதற்கு ஏதாவது சொட்டு மருந்து எழுதித் தரும்படி கெஞ்சினாள். டாக்டர் முடியாது என்றார். அவள் விடவில்லை. அப்போதுதான் டாக்டர் அந்தக் கதையைச் சொன்னார். விடாமல் அழுகிற குழந்தைக்கு எகிப்து வைத்தியர்களும் மருந்து எழுதியிருக்கிறார்கள். ஒரு செடியின் விதை, அது கசகசாச் செடிதான் என்று நினைக்கிறார்கள். அதோடு சுவரில் இருக்கிற ஈ எச்சத்தைச் சுரண்டிச் சேர்த்து அரைத்து, வடிகட்டி, நாலு நாள் கொடுக்க வேண்டும். கடைசியில் ஒரு வரி. அழுகை உடனே நிற்கும்.

ஈ எச்சம் என்றதும் எல்லோரும் முகம் சுளித்துச் சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. "எனக்கு ஈ எச்சம் பயமில்லை. அந்தக் கடைசி வரிதான் பயம். எவ்வளவு தைரியமா எழுதியிருக்காங்க. நான் எழுதற சீட்டுலயும் அந்த மாதிரி ஒரு வரி இருக்கும், எனக்குத்தான் இன்னும் தெரியலை" என்றார். அவர் சீட்டுகளை ஏன் திரும்ப வாங்குகிறார் என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மல்லிகாக்கா பலமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மல்லிகாக்கா எனக்கு எதிர்வீடு. ஆந்திரா பார்டர்ப் பக்கத்துக்காரி, மகனை நைனா என்றுதான் கூப்பிடுவாள். தன் கைக்குழந்தையோடு சேர்த்து இன்னொருத்தியின் பிள்ளையையும் பார்த்துக்கொள்வாள். நான் மறுபடி வேலைக்கு வந்தபோது என் மகளும் அவளிடம்தான் இருந்தாள். மூன்று மாசக் குழந்தை. விட்டுவிட்டு வருகிறோமே என்று முதல் வாரம் மணிக்கொரு தரம் பின்பக்க ஜன்னலில் போய் நின்றேன். இரண்டாம் வாரம் சரியாகிவிட்டது, ஏனென்றால் குழந்தை அழுவதையே நிறுத்திவிட்டாள். மத்தியானம் பால் கொடுக்கப் போனால் தூங்கிக்கொண்டிருப்பாள். எழுப்பினால் இரண்டு வாய் குடித்துவிட்டு மறுபடி தூங்குவாள். "சமத்து, அப்பன் தூக்கத்தக் கெடுக்கறதே இல்ல" என்று என் வீட்டுக்காரர் பெருமைப்பட்டுக்கொண்டார்.

டாக்டர் தினமும் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்பார். "அழறாளா?" நானும் தினமும் சொல்வேன், "இல்ல மேடம், ரொம்ப சமத்து." சொல்லும்போது ஒரு பாராட்டை எதிர்பார்ப்பேன். பாராட்டு வராது. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவர், அழுதாலும் பயம் அழாவிட்டாலும் பயம் என்று அலுத்துக்கொள்வேன்.

ஒரு நாள் அந்தப் பதிலைக் கேட்டதும் பேனாவை மூடிவைத்தார். எதிரே ஒரு பேஷண்ட் உட்கார்ந்திருந்தாள், வெளியே பெஞ்ச் நிறைய ஆட்கள். "உன் வீட்டுக்குப் போகலாம் வா" என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். பின்னால் ஓடினேன். எங்கள் தெரு முனையில் நின்றார். நல்ல வெயில். எல்லா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

"இந்தத் தெருவுல எத்தனை கைக்குழந்தை இருக்கு?"

நான் விரல் விட்டு எண்ணினேன். ஏழு.

"ஏழு குழந்தை இருக்கு. ஒண்ணுகூட ஏன் அழலை?" என்றார். அந்தக் கேள்வியில் எனக்கு வெயிலிலும் உடம்பு சில்லிட்டது. முன்னால் ஓடி மல்லிகாக்கா வீட்டுக் கதவைத் தள்ளினேன்.

மல்லிகாக்கா வீட்டில் மூன்று பிள்ளைகளும் பாயில் வரிசையாகக் கிடந்தார்கள். டாக்டர் குனிந்து ஒவ்வொன்றின் உள்ளங்காலிலும் சுண்டினார். முதல் இரண்டும் முனகிக் கை காலை உதைத்தன. என் மகள் அசையவில்லை. அவர் திரும்பவும் சுண்டினார். அவளுடைய உதட்டைச் சுற்றி ஒரு நீலம் இருந்தது. மூச்சு வந்தது. வந்துவிட்டு, அடுத்த மூச்சு வர யோசித்தது. டாக்டர் அவளை அள்ளிக்கொண்டு ஓடினார். அவருடைய கனத்த உடம்பால் அப்படி ஓட முடியும் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். கிளினிக்குக்குப் போனதும் மூக்கில் ஆக்ஸிஜன் வைத்து, முதுகைத் தேய்த்து, காலைத் தட்டிக்கொண்டே இருந்தார். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்ததில்லை. பயம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இந்த மனுஷி இதைத்தான் தினமும் சுமந்துகொண்டு ரயிலேறி வருகிறாரா என்றுகூட அந்த நேரத்தில் ஒரு நினைப்பு ஓடியது.

மற்ற பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் போட்டுவிட்டு மல்லிகாக்காவும் வந்து வாசற்படியில் நின்றாள். டாக்டர் திரும்பாமலே, இவளுக்கு என்ன கொடுத்தாய் என்று கேட்டார்.

"கசகசா தான் மேடம். பால்ல அரச்சி வடிகட்டித்தான் குடுத்தேன். ஈ எச்சம்லாம் போடல."

டாக்டரின் கை ஒரு கணம் நின்றது. மறுபடி தட்டத் தொடங்கியது.

"யார் சொல்லிக் குடுத்தா?"

மல்லிகாக்கா என்னைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். பொய் எதுவும் இல்லாத முகம் அவளுக்கு. "நீங்கதான மேடம் சொன்னீங்க. அந்தக் காலத்து டாக்டருங்களே எழுதி வெச்சிருக்காங்கோ, ஒடனே நிக்கும்னு. எம்புள்ளைக்குத்தான் மொதல்ல குடுத்தேன். நின்னுச்சி. அதான் எல்லாருக்கும் சொன்னேன்" என்றாள்.

டாக்டர் எகிப்துக்காரர்களைத் திட்டவில்லை, மல்லிகாக்காவையும் திட்டவில்லை. நான் அப்படிச் சொல்லவில்லையே என்றுகூட ஒரு வார்த்தை வரவில்லை. குழந்தையின் கால் சிவந்துபோகும்வரை தட்டினார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கடைசியில் என் மகள் முகத்தைக் கோணினாள், வாயைத் திறந்தாள், அழுதாள். மெல்லிய, பூனைக்குட்டி மாதிரி அழுகை. பிறகு அது வலுத்தது. பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போக வேனுக்குச் சொல்லி அனுப்பினார். அதுவரை தூங்க விடாதே என்று என்னிடம் சொன்னார். பிறகு மல்லிகாக்காவின் கையைப் பிடித்து, "யார் யாருக்குச் சொன்னே? வந்து காட்டு" என்று கூட்டிக்கொண்டு இறங்கினார்.

நான் அழுகிற குழந்தையோடு பின்பக்க ஜன்னலில் நின்றேன். கீழே முதல் கதவு தட்டப்படும் சத்தம் கேட்டது. யாரோ தூக்கத்தில் கெட்ட வார்த்தை சொன்னார். டாக்டர் குரலைத் தாழ்த்தவே இல்லை. ஒரு குழந்தை வீறிட்டது. அடுத்த கதவு. இன்னொரு குழந்தை. லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஆண்கள் வெளியே வந்து கத்தினார்கள், என் வீட்டுக்காரரும்தான். எங்கள் மகளுக்கு என்ன ஆனது என்று அவருக்கு அப்போது தெரியாது. எங்கள் தெருவில் பட்டப்பகலில் அப்படி ஒரு இரைச்சலை யாரும் கேட்டதில்லை. என் கையில் இருந்தவளோடு சேர்த்து எண்ணிக்கொண்டே வந்தேன். ஆறு. கடைசி வீடு பூட்டியிருந்தது. அவர்கள் காலையிலேயே ஆரம்பாக்கத்துக்குத் தாய் வீடு போய்விட்டார்கள் என்று யாரோ சொன்னார்கள். அந்தப் பூட்டிய கதவின் முன்னால், வெறும் தரையில், டாக்டர் குடையைக்கூட விரிக்காமல் உட்கார்ந்துவிட்டார். சாயங்கால ரயிலில் அந்தப் பெண் பிள்ளையோடு வந்து இறங்கும்வரை எழுந்திருக்கவில்லையாம். புது முகத்தைப் பார்த்து அந்தக் குழந்தை பயந்து கத்தியதாம். அதைக் கேட்டபிறகுதான் எழுந்து தண்ணீர் கேட்டிருக்கிறார்.

என் மகள் இரண்டு நாளில் வீட்டுக்கு வந்தாள். டாக்டரே வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னார், "இது என் வாயிலேர்ந்து வந்தது. மல்லிகாவைக் கோவிச்சுக்காதீங்க." அவர் கோபித்துக்கொள்ளவில்லை. நான் கோபித்துக்கொண்டேன். மல்லிகாக்காவிடம் ஒரு மாசம் பேசவில்லை. டாக்டரிடமும் எனக்குக் கோபம் இருந்தது, அதைச் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. நீர்யானைப் படம் கண்ணாடிக்கு அடியிலேயே இருந்தது. துணிப்பையில் புத்தகம் வருவது நின்றுபோயிற்று. புதிதாக வந்த பெண்கள் அந்தப் படம் என்ன என்று கேட்டால், "சும்மா ஒரு படம்" என்றார்.

இன்னொன்றும் மாறியது. ஸ்டேஷனிலிருந்து மெயின் ரோடு வழியாக வந்துகொண்டிருந்தவர், எங்கள் தெரு வழியாக வரத் தொடங்கினார். தெரு நடுவில் நிற்பார். ஏதாவது ஒரு வீட்டிலிருந்து பிள்ளை அழும் சத்தம் வந்ததும் நகர்ந்து கிளினிக்குக்குப் போவார். தூக்கம் கெட்ட ஆண்கள் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அவரைத் திட்டினார்கள். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு நாள் காலை நான் வேலைக்குக் கிளம்பிக் கதவைத் திறந்தபோது அவர் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு என்னவோ எந்தக் குழந்தையும் அழவில்லை. பால் குடித்துவிட்டுச் சும்மா விளையாடிக்கொண்டிருந்திருப்பார்கள். அதை நாங்கள் சொன்னால் அவர் கேட்கவா போகிறார்? வெயில் ஏற ஏற நின்றுகொண்டே இருந்தார், முகம் அந்தப் பிரசவ அறையில் இருந்த மாதிரி வெளுத்துக்கொண்டு வந்தது. எதிர்வீட்டு வாசலில் மல்லிகாக்கா மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான். "கோச்சிக்காத நைனா" என்று அவன் காதில் சொல்லிவிட்டு, அவனுடைய தொடையில் கிள்ளினாள்.

அவன் தெருவே அதிரக் கத்தினான். டாக்டர் மூச்சை விட்டார், குடையை மடக்கினார், கிளினிக் பக்கம் நடந்தார்.